அப்பாவின் பட்டறையை ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: நான் கோவை கணபதியைச் சேர்ந்தவன். 2023இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். அந்த ஆண்டே அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்ததால், இரண்டு ஆண்டுகள் எங்கள் லேத் பட்டறையை நான்தான் கவனித்துக்கொண்டேன். இப்போது அப்பா மீண்டும் பட்டறைக்கு வருகிறார். நான் வேலை தேடுகிறேன். ஐந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்விட்டேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதுதான். பயிற்சி வகுப்பு ஒன்றில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறேன்: பெயர், ஊர், அப்பா ‘பிசினஸ்’ செய்கிறார், அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை, பள்ளி, கல்லூரி, மதிப்பெண், பொழுதுபோக்கு கிரிக்கெட், பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது. பாதிக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் குனிந்து காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பிறகு, “இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். குடும்பச் சூழல் என்று சொல்லி மழுப்புகிறேன். அடுத்த பத்து நாளில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் எனக்குச் சரளமாக வராது. என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது?

பின்குறிப்பு: பட்டறையில் நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. பம்ப் மோட்டாருக்குள் சுழலும் தண்டான ஷாஃப்டைக் கடைந்து கொடுக்கிறோம். அப்பா படுத்த புதிதில், அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங் லூஸாக இருக்கிறது என்று நிறைய ஷாஃப்ட்கள் திரும்பி வந்தன. ஒருநாள் மாலையில் அளந்தபோது சரியாக இருந்ததை மறுநாள் காலையில் அளந்தால் அளவு குறைந்திருந்தது. அப்பாவிடம் சொன்னேன். “சூட்டோடு அளந்தாயா?” என்று கேட்டுச் சிரித்தார். அதிலிருந்து ஆறவைத்துத்தான் அளக்கிறோம். இதையெல்லாம் பெரிய கம்பெனியில் சொன்னால் கேலியாக நினைப்பார்கள் அல்லவா?

பதில்: தம்பி, பின்குறிப்பில் எழுதியதை மேலேயும், மேலே எழுதியதைப் பின்குறிப்பிலும் போட்டிருந்தால் எனக்கு இந்தப் பதிலை எழுதும் வேலையே இருந்திருக்காது.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் இருந்தவன். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை நாங்கள் ஏன் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. பெரும்பாலான நாட்களில் நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உங்கள் விண்ணப்பத்தை நாங்கள் ஒழுங்காகப் படிக்கிறோம். காலையில் பதினைந்து பேர், மதியம் பத்துப் பேர் என்று வரிசை நிற்கும்போது முன்கூட்டியே படிக்க நேரம் கிடைப்பதில்லை. நீங்கள் பேசும் ஒரு நிமிடம்தான் எங்களுக்குப் படிக்கும் நேரம். எதிரில் இருப்பவர் குனிந்து காகிதத்தைப் பார்த்ததும் உங்கள் மனம் ஒடிந்துபோனதே, அவர் அப்போது உங்களை அவமதிக்கவில்லை. அடுத்து எதைக் கேட்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். நீங்கள் எதையும் கொடுக்காததால், காகிதத்தில் கண்ணில் பட்ட முதல் ஓட்டையை எடுத்துக்கொண்டார். அந்த ஓட்டைதான் 2023க்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகள்.

அறிமுகத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன். நேர்முகத் தேர்வு முழுவதும் கேள்வி கேட்கும் உரிமை எங்களிடம் இருக்கிறது. அடுத்த கேள்வி எதுவாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடிகிற இடம் இந்த ஒரு நிமிடம்தான். அதில் தங்கையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் சொன்னால், நாங்கள் என்ன கேட்பது? தங்கை என்ன படிக்கிறாள் என்றா?

நீங்கள் ஒப்பிக்கும் பட்டியலில் பெயர், ஊர், கல்லூரி, மதிப்பெண் எல்லாம் காகிதத்திலேயே இருக்கின்றன. கடின உழைப்பு என்பதை அன்று காலையில் உங்களுக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள். எல்லோரையும் நம்பிவிடுவது என்ற அந்தப் பலவீனம் இருக்கிறதே, அதை எந்தப் புண்ணியவான் எந்த ஊரில் முதலில் எழுதிக் கொடுத்தாரோ தெரியவில்லை, தமிழ்நாடு முழுக்க ஒரே பலவீனமாக இருக்கிறது! தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வருகிறவர் “நான் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவேன்” என்று சொன்னால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். மெஷின் ஆபரேட்டர் அளவு சரி என்று சொன்னால் அளக்காமலே கையெழுத்துப் போடுவீர்களா?

எதை முதலில் சொல்கிறோம் என்பதற்கும் கணிசமான எடை உண்டு. அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை ஒரு குழுவுக்குப் படித்துக் காட்டினார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குழுவுக்கு அதே ஆறு சொற்களைப் பொறாமையில் தொடங்கித் தலைகீழாகப் படித்தார். முதல் குழுவுக்கு அந்த மனிதர் சில குறைகள் உள்ள திறமைசாலியாகத் தெரிந்தார். இரண்டாவது குழுவுக்கு, திறமையையே மறைத்துவிடும் அளவுக்குச் சிக்கலான ஆளாகத் தெரிந்தார். ஒரு சொல்கூட மாறவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாங்களும் அந்தக் குழுக்களில் இருந்தவர்களைப் போன்ற மனிதர்கள்தான். நீங்கள் பட்டறையை முதலில் சொன்னால், அந்த இரண்டு ஆண்டுகள் வேலை அனுபவம். நாங்களே தோண்டி எடுத்தால், அதே இரண்டு ஆண்டுகள் இடைவெளி.

சரி, அந்த ஷாஃப்டுக்கு வருவோம்.

நான் மெக்கானிக்கல் படித்தவன் இல்லை. ஆனால் தரப்பிரிவு மேலாளர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததால் சில கணக்குகள் காதில் விழுந்து படிந்துவிட்டன. உங்கள் ஷாஃப்டில் 6206 என்ற எண்ணுள்ள பேரிங் ஏறும் இடம் என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்விட்டம் 30 மி.மீ. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடைந்து எடுத்த ஷாஃப்ட் பட்டறையின் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால், 30 மி.மீ. விட்டத்தில் 14 மைக்ரானுக்குச் சற்று மேல் பெருத்திருக்கும். அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பேரிங்குக்குத் தெரியும். மாலையில் சரியாக இருந்த ஷாஃப்ட் காலையில் இளைத்துப்போனதன் காரணம் இதுதான். அளவெடுப்பதற்கு 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் முழுக்க ஒரு பொதுச் சூட்டை வைத்திருப்பதும், பெரிய தொழிற்சாலைகளில் அளவீட்டு அறைக்கு ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் ஓடுவதும் இதற்காகத்தான். பொறியாளர்களின் வசதிக்காக அந்த ஏசி ஓடுவதாக நானும் முதல் இரண்டு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசியுங்கள். நீங்கள் போவது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு. எதிரில் இருக்கப்போகிறவர் தினமும் இதே தலைவலியோடு வாழ்கிறவர். ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த பொருளைக் கையில் எடுத்து, அளந்து, மறுநாள் மறுபடியும் அளந்து, ஏன் என்று கேட்ட ஒரு பையன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் அதை மறைத்துவிட்டுக் கிரிக்கெட் பிடிக்கும் என்கிறான். எனக்குக் கோபம் வராதா?

அப்பா ‘பிசினஸ்’ செய்கிறார் என்று சொல்லச் சொன்ன அந்தப் பயிற்சி வகுப்பின் மேல்தான் என் கோபத்தில் பெரும்பகுதி. அது பொய் இல்லை, ஆனால் வெற்றுச் சொல். “கணபதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது” என்று சொல்லுங்கள். கோவையின் பம்ப் தொழிலைப் பற்றி அறிந்தவர் யாராக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

நான் எழுதினால் உங்கள் அறிமுகம் இப்படி இருக்கும். இது தமிழில், ஆங்கிலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“வணக்கம் சார். என் பெயர் இன்னது. கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்ப் மோட்டார் ஷாஃப்ட்களைக் கடைந்து கொடுக்கிறோம். 2023இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். அப்போது அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் இரண்டு ஆண்டுகள் பட்டறையை நான் நடத்தினேன். தொடக்கத்தில் பேரிங் லூஸ் என்று ஷாஃப்ட்கள் திரும்பி வந்தன. மாலையில் அளந்ததை மறுநாள் அளந்தபோது அளவு குறைந்திருந்தது. சூட்டோடு அளந்ததுதான் காரணம் என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து ஆறவைத்து அளக்கும் முறைக்கு மாறினோம். திரும்பி வருவது குறைந்தது. அளவெடுப்பதில் எனக்கு ஆர்வம் வந்தது அங்கேதான். அதை முறையாகக் கற்றுக்கொள்ளத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.”

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னால்கூட ஒரு நிமிடத்தைத் தாண்டாது. முடித்ததும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தியபின் வரும் மௌனம் இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு இரண்டு நிமிடம் போலத் தோன்றும். அதை நிரப்புவதற்காக, “அப்புறம் எனக்கு ஒரு தங்கை...” என்று மறுபடி தொடங்கிவிடாதீர்கள். நல்ல அறிமுகத்தைக் கடைசிப் பத்து விநாடியில் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? காரணத்தைச் சொன்னவர் அப்பா என்பதை நான் மாற்றவில்லை. “நான்தான் கண்டுபிடித்தேன்” என்று சொல்ல உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம். மறுநாள் மறுபடி அளந்தது நீங்கள். ஏன் என்று சொன்னது அவர். உள்ளது உள்ளபடி சொன்னால், கேள்விகள் எவ்வளவு ஆழமாகப் போனாலும் உங்கள் கதை தடுமாறாது. அதோடு, அனுபவசாலி ஒருவரிடம் கேட்கத் தயங்காத இளைஞன் என்பது தொழிற்சாலையில் சாதாரணத் தகுதி இல்லை. இயந்திரத்தோடு இருபது வருடம் பழகிய ஆபரேட்டரிடம் போய், “அண்ணா, இது ஏன் இப்படி வருகிறது?” என்று கேட்க மனம் வராமல் மாதக்கணக்கில் தடுமாறிய பட்டதாரிகளை எனக்குத் தெரியும்.

‘குறைந்தது’ என்று சொன்னால் அடுத்த நொடியே, “எவ்வளவு குறைந்தது?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் நம் விருப்பமும். பட்டறையில் பழைய சலான் புத்தகங்கள் கட்டாயம் இருக்கும், எண்ணெய்க் கறையோடு ஏதாவது ஒரு அலமாரியில் கிடக்கும். இன்றே எடுத்து உட்காருங்கள். முறை மாறுவதற்கு முன் மூன்று மாதத்தில் எத்தனை அனுப்பினீர்கள், எத்தனை திரும்பி வந்தன, பின் மூன்று மாதத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். கிடைக்கும் எண் சிறியதாக இருந்தாலும் அதையே சொல்லுங்கள். சலான் கிடைக்கவில்லை என்றால், “கணக்கு எழுதி வைக்கவில்லை சார், நினைவிலிருந்து சொல்கிறேன்” என்று ஒப்புக்கொள்ளுங்கள். தரப்பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் கற்பனை எண்ணைக் கொடுப்பது, பூனையிடம் கருவாட்டைக் காட்டி மறைப்பது போல.

வேறு என்ன கேட்பார்கள்? எதனால் அளந்தீர்கள் என்பார்கள். வெர்னியர் என்று சொன்னால் சிக்கல், ஏனென்றால் சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ. உங்கள் பிழை அதற்கும் கீழே. மைக்ரோமீட்டர் என்றால், 25–50 மி.மீ. அளவுள்ளதா, அதனோடு வரும் 25 மி.மீ. சோதனைத் தண்டை வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்த்தீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பார்கள். ஆறவைத்தது எவ்வளவு நேரம், அந்த நேரத்தை எப்படி முடிவு செய்தீர்கள் என்பார்கள். அவசர ஆர்டர் வந்த நாளில் ஆறும்வரை காத்திருந்தீர்களா என்று ஒருவர் குறும்பாகக் கேட்பார். இவை எல்லாமே உங்களுக்கு விடை தெரிந்த கேள்விகள். ‘பிசினஸ்’ என்று தொடங்கியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது. வெப்பவியலில் கல்லூரியில் படித்து மறந்துபோன சூத்திரம் ஒன்று வந்திருக்கும். எதற்கும், சூடேறினால் உலோகம் எவ்வளவு விரியும் என்று சொல்லும் விரிவுக் குணகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே அந்தக் கதவைத் திறந்துவிட்டீர்கள் அல்லவா, உள்ளே வருவார்கள்.

இனி ஆங்கிலம். முதலில் நீங்கள் சொல்ல வேண்டியதை உங்கள் தமிழில், அப்பாவிடம் பேசுகிற மாதிரி, கைப்பட எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏழெட்டுச் சொற்களுக்குள் எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். ‘ஷாஃப்ட்’, ‘பேரிங்’, ‘மைக்ரோமீட்டர்’ எல்லாம் ஏற்கெனவே ஆங்கிலம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். உங்கள் தொழிலின் பாதிச் சொற்கள் கையில் இருக்கின்றன. பயிற்சி வகுப்புகளில் கொடுக்கும் அலங்கார வாக்கியங்கள் உங்கள் வாயில் ஒட்டாது, கேட்பவருக்கும் அது உடனே தெரிந்துவிடும். ‘மைசெல்ஃப்’ என்று சொல்லி அதன் பின்னால் பெயரைச் சேர்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ‘ஐ ஆம்’ போதும். ‘பாஸ்டு அவுட்’ என்பதும் வேண்டாம். நம்மூரில் அதற்குப் படித்து முடித்தேன் என்று பொருள். வெளிநாட்டவர் காதில் மயங்கி விழுந்தேன் என்றும் விழும், ஒரகடம் பக்கம் வெளிநாட்டு மேலாளர்கள் உட்கார்ந்திருக்கும் அறைகள் உண்டு. இந்த இரண்டைத் தவிர இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நடுவில் சொல் கிடைக்காவிட்டால், “இதைத் தமிழில் சொல்லலாமா?” என்று கேட்டுவிடுங்கள். தொழிற்சாலை நேர்காணல்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் சரி என்பார்கள்.

சரளத்தைப் பார்த்து ஏமாந்த கதை எனக்கே உண்டு. நான் முன்பு இருந்த ஒரு தொழிற்சாலையில் பண்டகப் பொறுப்புக்கு ஆள் எடுத்தோம். கடைசியில் இரண்டு பேர். ஒருவர் மழையாகப் பொழிந்தார். இன்னொரு பெண், முந்தைய வேலையில் அலமாரிகளுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாமல் இருந்ததையும், தானே அட்டை வெட்டி ஒட்டிய பிறகு பொருள் தேடும் நேரம் எப்படிக் குறைந்தது என்பதையும் திக்கித் திக்கிச் சொன்னார். நான் மழைக்குக் குடை பிடித்தேன். நான்கே மாதத்தில் இருப்புக் கணக்கு கந்தலாகிவிட்டது. அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தபோது அவர் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். அதன்பிறகு நேர்காணல்களில், பேச்சு எப்படி ஓடுகிறது என்பதை விட்டுவிட்டு, சொன்னதில் கையால் தொட்ட பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கவனிக்கத் தொடங்கினேன்.

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது நீங்கள் வாழ்ந்தது. தினம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் ஒவ்வொரு முறையும் சற்று மாறி வரும், மாறட்டும். செல்போனில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, அது யாருக்கும் பிடிப்பதில்லை. வேகத்தை மட்டும் கவனியுங்கள். பதற்றத்தில் எல்லோரும் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஓடுகிறார்கள்.

மதிப்பெண்ணையோ அரியரையோ அறிமுகத்தில் நீங்களாக எடுக்க வேண்டாம். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாவின் உடல்நிலையைப் பற்றி மேலே எழுதிய அரை வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். இரக்கம் காட்டி யாரும் பணி ஆணை தருவதில்லை, உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால், “வேலை கிடைத்தால் பட்டறையை யார் பார்ப்பார்கள்? மறுபடி ஊருக்குப் போய்விடுவீர்களா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு நான் எழுதிக் கொடுக்க முடியாது. அப்பாவோடு உட்கார்ந்து பேசி, உண்மையான பதிலோடு போங்கள்.

கடைசியாகப் பயணம். கோவையிலிருந்து இரவு பஸ்ஸில் வருவீர்கள் என்று நினைக்கிறேன். விழுப்புரம் வழியாக வரும் பஸ் என்றால் தாம்பரம் வரை போக வேண்டாம், செங்கல்பட்டைத் தாண்டியதும் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில்தான் ஒரகடம் இருக்கிறது. முடிந்தால் முந்தைய நாளே வந்து தங்குங்கள். உள்ளே நுழைந்ததும், “எப்படி வந்தீர்கள்? தூங்கினீர்களா?” என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அதற்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் ஒரு வாக்கியமாவது பேசுங்கள், தொண்டை திறந்துகொள்ளும்.

சலான் புத்தகத்தில் என்ன எண் கிடைத்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பேரிங்கைப் பற்றி நான் போட்ட கணக்கு சரியா என்று அப்பாவிடம் கேட்டு, தப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.